ஐந்து ஆண்டு எங்கே போயிற்று?

பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர் போன திண்டுக்கல்லில், பாங்கி உத்தியோகம் என்றால் ஒரு காலத்தில் தனி மதிப்பு. மாப்பிள்ளைக்குப் பாங்கியில் வேலை என்று சொல்லிவிட்டால் பெண் வீட்டார் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கமாட்டார்கள். 1969 ஜூலை 19-ந் தேதி 14 பெரிய பாங்கிகள் சர்க்கார் வசமாயின. அதன் பிறகு நாட்டுப்புறங்களிலும் கிளைகள் பெருகின. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அணிந்து அமர்ந்திருந்த குமாஸ்தாவிடம் விவசாயி நகைக்கடன் கேட்டு நின்ற காலம் அது.

அந்த உத்தியோகத்தை 60 வயது ஆகும் முன்பே தாமாக விட்டு வந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். 2000-2001ல் பொதுத்துறைப் பாங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தன. 15 ஆண்டு சேவை முடித்தவர்களும், 40 வயது நிரம்பியவர்களும் மனுச் செய்யலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதி மாதங்களுக்கான சம்பளம், இவற்றில் எது குறைவோ அது கருணைத் தொகையாகக் கிடைக்கும் என்றார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்ற எண்ணம் நிர்வாகங்களுக்கு. மகள் கல்யாணம், வீட்டுக்கடன், சொந்தமாக ஒரு கடை என்ற எண்ணம் ஊழியர்களுக்கு.

மொத்தமாகக் கைக்கு வரும் தொகையைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு நடந்தது. மாதாமாதம் வரப்போகும் பென்ஷனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மொத்தத் தொகை நாலைந்து வருஷத்தில் கரைந்துவிடும். பென்ஷன் கடைசி மூச்சு வரை வரும். இந்தக் கணக்கை யாரும் அவர்களுக்கு எழுதிக் காட்டவில்லை என்பதே நமது குறை.

பாங்கி ஊழியர் பென்ஷன் அப்படி ஒன்றும் பழமையானதல்ல. 1993 அக்டோபர் 29-ல் தொழிற்சங்கங்களும் பாங்கிகள் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை ஒட்டி 1995 செப்டம்பரில் விதிகள் வெளியாயின. பிராவிடண்டு பண்டில் பாங்கி போடும் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகப் பென்ஷன் பெறலாம் என்பது அதன் சாரம். அதாவது ஊழியர் தம் பணத்தைக் கொடுத்து வாங்கிய உரிமை இது. பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கு உரிய பலன் என்று 1982-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இந்த விதிகளில் 29-வது விதிதான் நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். 20 ஆண்டு சேவை முடித்த ஊழியர் மூன்று மாத நோட்டீசு கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம் என்று அது சொல்கிறது. அப்படிப் போகிறவருடைய சேவையோடு 5 ஆண்டு வரை கூட்டிக் கணக்கிட வேண்டும். ஆனால் மொத்தம் 33 ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

ஐந்து ஆண்டு என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 ஆண்டு வேலை பார்த்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். குறைந்த சேவைக்கு அந்த விகிதத்தில் குறையும். உதாரணத்துக்குச் சராசரிச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பென்ஷன் 6,000. 20 ஆண்டு சேவைக்கு 3,636 ரூபாய். ஐந்தைச் சேர்த்து 25 ஆண்டாகக் கொண்டால் 4,545 ரூபாய். வித்தியாசம் மாதம் 909 ரூபாய். அதன் மேல் ஏறிக்கொண்டே போகும் பஞ்சப்படி வேறு. முதல் நாள் கணக்கில் விழுந்த ஓட்டை ஆயுள் முழுவதும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

பாங்கிகள் என்ன செய்தன? ஊழியர்கள் வெளியே வந்த பிறகு, "நீங்கள் போனது 29-வது விதிப்படியல்ல, தனித் திட்டத்தின்படி. ஆகவே அந்த ஐந்து ஆண்டு உங்களுக்கு இல்லை" என்றன. திட்டத்தை அச்சடித்தபோது, பென்ஷன் விதிகளின்படி பென்ஷன் உண்டு என்று எழுதியவர்களும் அவர்களே! வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறியது. பாங்க் ஆப் இந்தியாவும் வேறு சில பாங்கிகளும் சம்பந்தப்பட்ட அப்பீல்களில் 2009 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 20 ஆண்டு முடித்துத் திட்டத்தில் வெளியேறியவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றது. திட்டத்தை எழுதியது பாங்கி. எழுத்தில் மயக்கம் இருந்தால் அதன் பாரத்தைச் சுமக்க வேண்டியதும் பாங்கியே என்பது தீர்ப்பின் கருத்து. கடன் பத்திரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் விவசாயியைத் திருப்பி அனுப்பும் பாங்கிகளுக்கு இது பொருத்தமான பாடந்தான்.

15 ஆண்டு முடித்து 20 எட்டாதவர்கள் கதை வேறு. அவர்களுக்கு விகிதாசாரப் பென்ஷன் கிடைக்கும்படி 28-வது விதி பின்னால் திருத்தப்பட்டது. ஐந்து ஆண்டுச் சலுகை அவர்களுக்கு இல்லை. ஸ்டேட் பாங்கியிலோ பென்ஷன் நிதி விதிகளே தனி. 15 ஆண்டு போதும் என்று திட்டத்தில் அழைத்துவிட்டு, பென்ஷனுக்கு 20 ஆண்டு வேண்டும் என்று அந்தப் பாங்கி மறுத்தது. 15 ஆண்டு முடித்தவர்களுக்கும் விகிதப்படி பென்ஷன் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2020 மார்ச்சில்! 2001-ல் 50 வயதில் வெளியே வந்தவர் அன்று 69 வயதுக் கிழவர். அதைக் காணாமலே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேரோ.

தென் ஜில்லாக்காரர்களுக்குப் பழக்கமான இன்னொரு பாங்கியையும் இங்கே நினைக்க வேண்டும். கருமுத்து தியாகராஜ செட்டியார் 1943-ல் மதுரையில் தொடங்கிய பாங்க் ஆப் மதுரா, 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியோடு இணைந்தது. திண்டுக்கல் அப்போது 15 வயதான ஜில்லா. அதற்கு முன் இதுவும் மதுரைச் சீமைதானே. 2003 ஜூலையில் புதிய நிர்வாகம் முன்கூட்டி ஓய்வு பெறும் திட்டம் கொண்டு வந்தது. 40 வயதும், பழைய பாங்கிச் சேவையையும் சேர்த்து 7 ஆண்டும் இருந்தால் போதும் என்றது. சர்க்கார் பாங்கிகளின் பென்ஷன் விதிகளோ, குறைந்தது 10 ஆண்டு சேவை இல்லாமல் பென்ஷன் கிடையாது என்கின்றன. வேலையை விட்டுப் போகத் தகுதி ஒன்று. பென்ஷன் வாங்கத் தகுதி வேறொன்று. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக் கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து.

இன்னொரு ஆபத்து ஒரு சொல்லில் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் "வேலையை விட்டுவிட்டார்" என்றால் முடிந்தது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ராஜிநாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. ராஜிநாமாச் செய்தால் அதுவரை பார்த்த சேவை முழுவதும் பென்ஷன் கணக்கில் அழிந்துபோகும் என்பது 22-வது விதி. யூகோ பாங்கி வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. 30 ஆண்டு உழைத்தவர், மேனேஜர் மீதுள்ள கோபத்தில் ஒரு தாளில் "ராஜிநாமா" என்று எழுதிவிட்டால், 30 ஆண்டும் போயிற்று. இது கொடுமை என்பது நமது அபிப்பிராயம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய தண்டனை கூடாது. 20 ஆண்டு முடித்தவருடைய ராஜிநாமாவை ஓய்வாகக் கருதும்படி விதியைத் திருத்தலாம். திருத்தும் வரை ஊழியர்கள் பேனாவை எடுக்கும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

2010 ஏப்ரல் 1 முதல் பாங்கிகளில் சேர்ந்த இளைஞர்களுக்கு இந்த 29-வது விதியே கிடையாது. அவர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம். சேர்ந்த பணமும் அது ஈட்டிய லாபமுந்தான் பென்ஷனை நிர்ணயிக்கும். சீக்கிரம் போனால் பானையில் இருப்பது குறைவு, அவ்வளவே.

பழைய விதிகளின் கீழ் உள்ளவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பிள்ளையோடு இருக்க, பெற்றோரைப் பார்க்க, உடம்பு முடியாமல் என்று பல காரணங்களுக்காக அவர்கள் முன்கூட்டியே ஓய்வு கேட்கிறார்கள். இவர்களிடம் மனு வாங்கும் பாங்கி, ஏற்பதற்கு முன்பு ஒரே ஒரு தாளைக் கையில் கொடுக்கட்டும். பென்ஷனுக்குக் கணக்காகும் சேவை எத்தனை ஆண்டு, சம்பளமில்லா லீவில் கழிந்தது எவ்வளவு, ஐந்து ஆண்டு சேருமா சேராதா, மாதப் பென்ஷன் எத்தனை ரூபாய் என்று அதில் எழுதி மேனேஜர் கையெழுத்திடட்டும். கடன் வாங்குபவனுக்கு வட்டிக் கணக்கை அச்சிட்டுக் கொடுக்கிறார்களே, தங்கள் சொந்த ஊழியருக்குக் கொடுப்பதில் என்ன சிரமம்?

ஏற்கனவே ஓய்வு பெற்று, நவம்பர் மாதந்தோறும் உயிர்ச் சான்று கொடுக்கக் கிளைக்கு வருகிறவர்கள், அன்றைக்கே பென்ஷன் உத்தரவின் நகலையும் எடுத்து வந்து, சேவை ஆண்டு என்று போட்டிருக்கும் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2000-2001 திட்டத்தில் 22 ஆண்டு முடித்துப் போனவருக்கு அங்கே 27 என்று இருக்கவேண்டும். 22 என்றே இருந்தால், 2009 தீர்ப்பைக் குறிப்பிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம்.