பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கட்டும்

தெல்தெனியவில் உள்ள பார்வையற்ற பிள்ளையை இரத்மலானைக்கு அனுப்பச் சொல்வது எளிது. 1912இல் மேரி சாப்மன் தொடங்கிய, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி அங்கே இருக்கிறது. ஆனால், ஏழு வயதில் தாயைப் பிரிந்தா எழுத்துப் படிக்க வேண்டும்?

பக்கத்துப் பள்ளியிலேயே படிக்க வழி இருக்கிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். தமிழையும் சிங்களத்தையும் உரக்க வாசிக்கும். அம்புக்குறி விசையைத் தட்டினால் அடுத்த வரி காதில் விழும். பாடநூலை வெறும் படமாக ஸ்கேன் செய்து கொடுத்தால் மட்டும் தடுமாறிவிடும். எழுத்துக் கோப்பாகவே கொடுக்க வேண்டும்.

மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பள்ளிகள் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குக் கணினி, ஹெட்போன், இவற்றைப் பழக்கிவிடத் தெரிந்த ஆசிரியர் மூன்றும் வேண்டும். தெல்தெனிய வலயக் கல்விப் பணிமனை முதலில் அந்த ஆசிரியரைத் தயார்செய்யட்டும்.