ஓ.எஸ். ஃப்ரீ ஸார்!

2024 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கே ரிச்சி தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் மருமகன். (மருமகன் என்றதும் எனக்குக் கல்யாண வயதில் பெண் இருப்பதாகக் கணக்குப் போடாதீர்கள். பெரியப்பா மகள், என்னைவிடப் பதிமூன்று வயது மூத்த அக்காவின் பையன். எனக்கு முப்பத்துச் சொச்சம்தான். சொச்சத்தை விசாரிக்க வேண்டாம்.)

பையன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். டீ, பஸ், அம்மாவுக்கு ஒரு புடவை போக மிச்சம் பிடித்தது 75,000 ரூபாய். அதைக் கொடுத்து கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் சொன்னார்.

"எழுபத்தஞ்சாயிரத்துக்கு விளையாட்டுச் சாமானா? ஒரு பவுன் வாங்கி வச்சா நாளைக்கு உனக்கே ஆகும்டா!"

அத்தான் சொன்னதில் தப்பில்லை. நான் பி.காம். தங்கம் ஏறும், கம்ப்யூட்டர் தேயும் என்பது எனக்கும் தெரியும். நான் படித்த காலத்தில் வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 60 சதவீதம் தேய்மானம். 2017 ஏப்ரலிலிருந்து அதை 40 ஆக்கினார்கள். சர்க்காரே அதை இவ்வளவு கேவலமாக மதிக்கிறது. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிய அன்று அத்தான் எனக்கு ஃபோன் செய்தார். விலையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால், மாதம் பூரா மெஷின் சத்தத்தில் நிற்கிற பையன் சொந்தக் காசில் ஆசைப்பட்ட முதல் பொருள் இது. வாங்குவது என்று முடிவான பிறகு உருப்படியாக வாங்க வேண்டும். அதற்குத்தான் என்னை அழைத்தான். எனக்கு என்ன தகுதி? ஒருமுறை தப்பாக வாங்கியவன். அது பின்னால் வருகிறது.

முதல் கடையில் ஏறியதும் கொட்டேஷன் கொடுத்தார்கள். ஐ7 பிராஸஸர், 32 ஜி.பி. ராம், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கூலர், நாலு பக்கமும் வானவில் அடிக்கும் கண்ணாடி கேபினட். மருமகன் கண்களிலும் வானவில். நான் கடைசி வரிகளைப் படித்தேன். கிராஃபிக்ஸ் கார்டு: ஜி.டி.எக்ஸ். 1650, 4 ஜி.பி. அதற்குக் கீழே, எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு ஃப்ரீ. அதற்கும் கீழே, ஓ.எஸ். ஃப்ரீ.

2019-ல் வந்த கார்டு அது. கல்யாண மண்டபத்துக்கு லட்ச ரூபாய் சீரியல் லைட் போட்டுவிட்டுப் பந்தியில் தயிர்சாதம் போடுகிற மாதிரியான லிஸ்ட்.

வெளியே வந்து கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "என்ன விளையாடப் போறே?"

"எல்லாந்தான் மாமா."

"எல்லாம்னா கடைக்காரன் எல்லாத்தையும் தலையில கட்டுவான். தினமும் எதுடா?"

தினமும் ராத்திரி வேலரன்ட். கம்பெனி நண்பர்கள் நாலு பேரோடு. லீவு நாளில் ஜி.டி.ஏ. 5. அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரிச்சி தெருவில் கால் வைக்காதீர்கள். விளையாட்டில் யார் எங்கே ஓடுகிறான், குண்டு எங்கே பட்டது என்று கணக்குப் போடுவது பிராஸஸர். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. சாதாரண 1080 திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுசாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு விநாடிக்கு 144 படம், அதாவது கிட்டத்தட்ட 30 கோடிப் புள்ளி. அந்தக் கார்டு நோஞ்சானாக இருந்தால் ஐ7 கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும். கேம் கம்ப்யூட்டரில் பெரும் பணம் போக வேண்டிய இடம் கார்டுதான். அதற்கு அடுத்தது, அந்தப் படத்தைக் காட்டுகிற மானிட்டர். தலைகீழாகச் செலவு செய்தவர்கள் நிறைய.

நாங்கள் எடுத்தது ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, 8 ஜி.பி. அன்றைய விலை 20,500. பாதி விலைக்குப் பெரிய கார்டு தருகிறேன் என்று நரசிங்கபுரம் தெரு முனையில் ஒருவர் சட்டையைப் பிடித்தார். பழைய கார்டு. ஈத்தரியம் என்கிற நாணயத்தை கிராஃபிக்ஸ் கார்டால் தோண்டி எடுக்கிற பிழைப்பு 2022 செப்டம்பரில் நின்றுபோனது. ராப்பகலாக உழைத்த கார்டுகளெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்தன. அதில் நல்லதும் உண்டு. எது நல்லது என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் நகர்ந்துவிட்டேன்.

பிராஸஸர், ரைஸன் 5 5600. இது 12,000. ஏ.எம்.4 என்கிற பழைய சாக்கெட் குடும்பம். 2022-ல் வந்த ஏ.எம்.5 புதுக் குடும்பம், நாளைக்கு பிராஸஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் அதிகம். ஆனால் டி.டி.ஆர்.5 ராம்தான் போட வேண்டும். போர்டும் விலை கூட. 'நாளைக்கு' என்பதற்காக இன்றைக்குக் கார்டில் கை வைக்க நான் சம்மதிக்கவில்லை. போர்டு ஏ520, 5,200. ராம் 16 ஜி.பி., 3,400. இதில் ஒரு சூட்சுமம், ஒரே 16 வாங்காதீர்கள். இரண்டு 8 வாங்கினால் இரட்டைப் பாதையில் ஓடும், விளையாட்டில் வித்தியாசம் தெரியும். ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. 5,600. ஜி.டி.ஏ. ஒன்றே 100 ஜி.பி.க்கு மேல் சாப்பிடுகிறது. 500 ஜி.பி. வாங்கினால் ஆறாவது மாதமே எதை அழிப்பது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியிருக்கும். 144 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிற 24 இன்ச் மானிட்டர் 10,500.

(இந்த விலைகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். 2025 கடைசி மாதங்களில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போக, ராம் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் 3,400-ஐ நினைத்து மருமகன் பிறகு ரொம்பப் பெருமைப்பட்டான். நான் என்னவோ முன்கூட்டியே ஜோசியம் பார்த்த மாதிரி.)

கேபினட்டுக்கு வந்தபோது மருமகன் திரும்பவும் வானவில்லைப் பார்த்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் காற்று எங்கே நுழையும்? மே மாதத்துச் சென்னையில், ஏ.ஸி. இல்லாத அறையில், அது கேபினட் இல்லை, இட்லிக் குண்டான். முன்னால் சல்லடை வைத்த கறுப்பு கேபினட், 3,200. முகம் வாடிவிட்டது. பின்னால் ஒரே ஒரு விசிறி நீலமாக எரிவதைக் காட்டி சமாதானம் செய்தேன்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கடைப் பையன் சிரித்துக்கொண்டே, "கேபினட்டோட ஒண்ணு ஃப்ரீயா தரேன் ஸார், 500 வாட்ஸ்" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

2009. நான் பி.காம். கடைசி வருஷம். அப்பா பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். இதே தெரு. கேபினட்டோடு எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ. கையில் எடுத்தால் தீப்பெட்டி கனம். மிச்சமான ஆயிரத்துச் சொச்சத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கினேன். மூன்று வருஷம் ஓடியது. 2012-ல் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தபோது 'டப்'பென்று ஒரு சத்தம், கருகின வாசனை. தான் மட்டும் போகாமல் போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போயிற்று. போர்டு போனால் போகட்டும். அப்பா 2011-லேயே தவறிவிட்டார். ராமேஸ்வரம் போனபோது எடுத்த படங்கள், நனைந்த வேட்டியோடு பாம்பன் பாலத்தைக் காட்டிச் சிரிக்கிற படம், எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில்தான். இன்னொரு இடத்தில் பிரதி வைக்கவில்லை. பிரிண்ட் போட்டது ஒன்றே ஒன்று. மாலை போடுவதற்காகப் போட்டது.

"ஃப்ரீயா வேண்டாம் தம்பி" என்றேன். 550 வாட், 80 பிளஸ் பிராண்ஸ் முத்திரை, ஐந்து வருஷ வாரண்டி, 4,200 ரூபாய். கேபினட்டுக்குள் ஒளிந்திருக்கும், யாரும் பார்த்துப் பாராட்ட மாட்டார்கள். மருமகன் எதிர்த்துப் பேசவில்லை. அவனுக்கும் தாத்தாவை அந்த மாலைப் படத்தில்தான் தெரியும்.

கூட்டினால் 64,600. கையில் பத்தாயிரத்துச் சொச்சம். மருமகன் கண்ணாடி கேபினட் பக்கம் திரும்பினான்.

"இன்னும் ஓ.எஸ். இருக்கு" என்றேன்.

"அதான் ஃப்ரீன்னாங்களே மாமா!"

"ஃப்ரீ ஸார்! அரை மணி நேரத்துல போட்டுத் தந்துடுவோம்" என்றான் கடைப் பையன்.

ஃப்ரீ என்றால் என்ன? காசு கொடுக்காத விண்டோஸை, காசு கொடுத்த மாதிரி நம்ப வைக்க ஒரு குட்டி புரோகிராம் ஓட்டுவார்கள். அதற்கு முதலில் ஆன்டிவைரஸை அணைப்பார்கள். பூட்டு மாட்டித் தருகிறேன், அதற்கு முன்னால் கதவைக் கழற்றிக்கொள்கிறேன் என்பது மாதிரி. அந்தக் குட்டி புரோகிராமை யார் எழுதினார், வேறு என்ன செய்கிறது என்பது கடைப் பையனுக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் மருமகன் சம்பள அக்கவுன்ட்டைத் திறப்பான். அக்காவின் எஃப்.டி.யைப் புதுப்பிப்பான். விளையாடுகிற பெட்டிதானே என்று யாரும் இரண்டு பெட்டி வைத்துக்கொள்வதில்லை.

நிஜமாகவே ஃப்ரீயான ஓ.எஸ். இருக்கிறது. லினக்ஸ். வீட்டில் நான் அதுதான் வைத்திருக்கிறேன், மின்ட். முன்பெல்லாம் லினக்ஸில் கேம் என்றால் சீட்டுக்கட்டு அடுக்கலாம், அவ்வளவுதான். 2018-ல் வால்வ் கம்பெனி புரோட்டான் என்று ஒன்றை விட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேமை லினக்ஸில் ஓட்டுகிற மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த அவர்களுடைய ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி ஓடுவதே லினக்ஸில்தான். ரேடியான் கார்டுக்கு டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். தனியாக உட்கார்ந்து கதை விளையாடுகிறவர்களுக்கு, கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆட்களுக்கு, பத்தாயிரம் ரூபாய் அப்படியே மிச்சம். மருமகனும் அப்படிப்பட்டவனாக இருந்திருந்தால் அந்தப் பணத்தை இன்னும் பெரிய கார்டில் போடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் பையன் வேலரன்ட்காரன். அதில் வேன்கார்ட் என்று ஒரு காவல்காரன் உண்டு. யாரும் தில்லுமுல்லு செய்யாமல் பார்க்க, விண்டோஸின் அடிமடி வரை போய் உட்கார்ந்துகொள்வான். லினக்ஸில் அவனுக்கு உட்கார இடமில்லை, விளையாட்டும் கிடையாது. ஃபோர்ட்நைட்டும் அதே கதை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தினார்கள்.

ஆக, இவனுக்கு ஓ.எஸ். என்பது விண்டோஸ் 11தான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிவு என்று மைக்ரோசாஃப்ட் நாள் குறித்தாகிவிட்டது, அதைப் புதுசாக வாங்குவது ரிடையர் ஆகப்போகிறவரை வேலைக்குச் சேர்ப்பது மாதிரி. (சொன்ன நாளில் ரிடையரும் ஆயிற்று.) ஒரிஜினல் ஹோம் லைசென்ஸ் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய வந்தது. போர்டோடு ஒட்டிக்கொள்கிற லைசென்ஸ் இல்லை, நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளக் கூடியது. மருமகன் பெருமூச்சு விட்டான். கையில் தொட முடியாத ஒரு சாமானுக்குப் பத்தாயிரம் கொடுப்பது எந்த வயதிலும் கஷ்டம்தான்.

ஜி.எஸ்.டி. பில் கேட்டேன். 18 சதவீதம் எதற்கு என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பில் இல்லாமல் வாரண்டி ஏது? ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறும் வரை நகரவில்லை. பி.காம். படித்தது வீண் போகவில்லை. மிச்சமிருந்த ஐநூறில் இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டோம்.

ராத்திரி எட்டு மணிக்கு முதல் ஃபோன். "மாமா, படமே வரல!"

மானிட்டர் ஒயரைப் போர்டில் சொருகியிருந்தான். இந்த 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டில்தான் சொருக வேண்டும். சொருகினான், வந்தது. பென் டிரைவிலிருந்து விண்டோஸை அவனே ஏற்றினான். ஒன்பதரைக்கு, "144-னு வாங்கினோம், 60-னு காட்டுது." செட்டிங்ஸில் டிஸ்ப்ளேவுக்குள் போய் நாமே மாற்றினால்தான் உண்டு. ராமும் அப்படித்தான், பயாஸில் எக்ஸ்.எம்.பி.யைப் போடாவிட்டால் வாங்கிய வேகத்தில் ஓடாது.

பதினொன்றே காலுக்கு மறுபடி. குரலில் அழுகை. "மாமா, வேன் 9003-னு வருது."

"எந்த ஸ்கூல் வேன்டா இந்த நேரத்துல?"

காவல்காரன் போட்ட முட்டுக்கட்டை அது. விண்டோஸ் 11-ல் செக்யூர் பூட் இல்லாமல் வேன்கார்ட் உள்ளே விட மாட்டான். போர்டில் அது அணைந்திருந்தது. டெலீட் பட்டனை அமுக்கி பயாஸுக்குள் போகச் சொல்லி, மெனு மெனுவாக அவன் படிக்க நான் கேட்டு, ஒருவழியாக ஆன் செய்து சேவ் பண்ணியபோது மணி பன்னிரண்டு இருபது. நண்பர்கள் நாலு பேரும் அதுவரை காத்திருந்தார்களாம்.

ஃபோனை வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டான். பாட்டு, கூச்சல், டமார் டுமீர். அப்புறம் மயான அமைதி.

"என்னடா ஆச்சு?"

"செத்துட்டேன் மாமா."

"எவ்வளவு நேரத்துல?"

"பதினோரு செகண்ட்."

பின்னாலிருந்து அக்காவின் தூக்கக் குரல் பதறிக்கொண்டு கேட்டது. "யாருடா செத்தது?"