உப்பு வாங்க எத்தனை நிமிடம்?

சென்ற வாரம் நாளிதழோடு சேர்ந்து என் கடைக்கு ஒரு மனை விற்பனைத் துண்டறிக்கை வந்து விழுந்தது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலைப் பக்கம் மனைகளாம். பேருந்து நிலையம் இத்தனை நிமிடம், ஆட்சியர் அலுவலகம் இத்தனை நிமிடம், கல்லூரி இத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு கிலோ உப்பு வாங்க எத்தனை நிமிடம் என்று மட்டும் போடவில்லை. வரைபடத்தின் கடைக்கோடியில், ஓடையை ஒட்டி, மனையாக விற்க முடியாமல் கோணலாக நின்ற ஒரு துண்டுக்குப் பச்சை வர்ணம் பூசி 'பூங்கா' என்று எழுதியிருந்தார்கள்.

வீடு கட்டுவது பொறியாளர் வேலை, மளிகைக்காரனுக்கு இதில் என்ன என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். நம் ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று பாருங்கள். அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்திருக்கிறார்கள். ஆலைகள் வந்தால் கூலிக்கு வருகிறவன் குடும்பத்தோடு தங்க வீடு வேண்டும். அவன் சம்பளத்துக்கு ஏற்ற வீடு ஊருக்கு வெளியேதான் எழும்பும். அந்த வீடுகளை எப்படி அடுக்குகிறார்கள் என்பதில்தான் நம் பிள்ளைகளின் பிழைப்பு இருக்கிறது.

இதற்கு இரண்டு உதாரணங்கள் சென்னையிலேயே இருக்கின்றன.

2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பிறகு பெரும்பாக்கத்திலும் குடிசை மாற்று வாரியம் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியது. கூவம் கரையிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. கணக்குப்படி ஒவ்வொருவருக்கும் வீடு கிடைத்தது. ஆனால் வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. கடைத்தெரு போதவில்லை. ஆகவே ஜனங்கள் என்ன செய்தார்கள்? கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் முன்னறையிலேயே மிட்டாய் பாட்டிலை அடுக்கினார்கள். படிக்கட்டின் அடியில் காய்கறி வந்தது. வரைபடம் போட்டவர் மறந்த கடைத்தெருவைக் குடியிருந்தவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அதனால் 'ஆக்கிரமிப்பு' என்ற பெயரும் சுமந்தார்கள்.

இன்னொரு உதாரணம் அரும்பாக்கம், வில்லிவாக்கம். 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. மனையும் சாலையும் குடிநீரும் சாக்கடையும் கொடுத்தார்கள். வசதி வந்தபோது அவரவர் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியது. ஏழைக்குச் சின்ன மனை, உட்தெருவில். அகலச் சாலையை ஒட்டிய பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். வியாபாரிகளே, கவனியுங்கள்: கடை மனைக்குக் கிடைத்த விலைதான் ஏழையின் மனைக்கு மானியம். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வீடுகள் வந்தன. தோல்வி என்றுகூடச் சொன்னார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இருபதாண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவை பல வருமானத்தாரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாகி நிற்கின்றன என்கிறது.

வடக்கே இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி வரைந்த 'அரண்யா' குடியிருப்பும் இதே வழிதான். எண்பது ஹெக்டேருக்கு மேல் நிலம், சுமார் 6,500 மனைகள். 1995-ல் ஆகாகான் விருது பெற்றது. அதில் எனக்குப் பிடித்தது, வீட்டு வாசலில் அவர் வைத்த மேடை. நம் பாட்டன் கட்டிய திண்ணைதான். மாலையில் பெண்கள் உட்காருகிறார்கள், தையல் மிஷின் வருகிறது, நாலு வீட்டுக்கு நடுவே பொது முற்றம் இருக்கிறது. நடந்து போகிற தெருக்கள் போய்ச் சேருமிடத்தில் கடைகள். பணம் அதிகம் செலவாகும் காரியமா இது? வரையும்போதே நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுத வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம். இந்தப் 'பணமாகவும்' என்பதில்தான் ஓட்டை. 2017-ல் அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறை செய்யும் திட்டம் வந்தபோது நம்மில் எத்தனை பேர் வரிசையில் நின்றோம்? நானும் நின்றேன். கட்டணம் கட்டினேன், மனை சரியாயிற்று. அந்தத் தெருப் பிள்ளைகள் இன்றும் சாலையில்தான் பந்து விளையாடுகிறார்கள்.

நம் குற்றத்தையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் நம்மவர் ஒருவர் புளி மூட்டை அடுக்கக் கொட்டகை போட்டிருந்தார். கேட்டபோது, "சும்மாதானே கிடக்கிறது" என்றார். சும்மா கிடப்பதற்காகத்தான் அது விடப்பட்டது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு வாய் போதவில்லை.

பொது இடம் விட்டால் தள்ளுவண்டிக்காரர் வந்து நிரம்பி நம் வியாபாரத்தைக் கெடுப்பார் என்ற பயம் சங்கத்தில் பலருக்கு உண்டு. நான் ஒப்பவில்லை. சந்தை கூடுகிற நாளில் நம் கல்லாவில் விழுவது குறைகிறதா, கூடுகிறதா? தக்காளி வாங்க வந்தவள்தான் திரும்பும்போது எண்ணெயும் பருப்பும் வாங்குகிறாள். கூட்டம் நிற்க இடம் இருந்தால்தான் கடைக்குக் கூட்டம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. மலிவு வீட்டுத் திட்டமானாலும் தனியார் மனைப் பிரிவானாலும், திறந்தவெளி நடுவில் இருக்கட்டும், ஓடைக்கரையில் வேண்டாம். கடை வரிசை அந்த வெளியைப் பார்த்தபடி, அதற்கு வெளியே அமையட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். மளிகைக்கு, மாவு மில்லுக்கு, சலூனுக்கு. ஒரு குழாய், பெண்களுக்கு ஒரு கழிப்பிடம். அரசுத் திட்டமானால் கடைகளை ஏலம் விடாமல் மாத வாடகைக்குத் தர வேண்டும். ஏலம் என்றால் பெரிய கைதான் எடுக்கும், பிறகு பூட்டிப் போட்டுவிட்டு மேல்வாடகைக்கு விடும். இதையெல்லாம் வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டி முடித்தபின் மனு கொடுத்துப் பயனில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுக்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் துண்டறிக்கையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். கடைக்கு எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தனியாக ஒன்றும் இல்லைங்கண்ணா. முன் மனை இரண்டையும் நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் கடை வைக்க முடியாது" என்றார். விலையையும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.