சோழிக் கணக்கும் இடிமேகமும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் செல்லும் காலைப் பேருந்தில் எண்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒலிக்கும். நடத்துநர் ஒரு மொழியில் கேட்பார், பயணி மற்றொன்றில் சில்லறை சொல்வார், எவருக்கும் பிழை நேராது. கணக்கு என்பதற்கு இங்கே தெலுங்குக்காரர் சொல்வதும் 'லெக்க'. கன்னடக்காரர் சொல்வதும் 'லெக்க'. அந்தப் பேருந்தில் நம்முடன் வரும் இயற்பியல் மாணவர் ஒருவர், இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்களோடு வகுப்புக்கு வருபவர். ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. கடைசல் எந்திரம் இயக்குகிறார். எண்களைக் கொடுத்தால் எந்திரம் இரும்பைச் செதுக்கும் என்பதை நாள்தோறும் கையால் அறிந்தவர்.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் மழையைப் பற்றிய பாடம் ஒன்றை நடத்துகையில், உதகமண்டலத்தில் ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை 130 கோடி வோல்ட் என்று அறிவியலார் கண்டதை நாம் பெருமிதத்தோடு குறிப்பிட்டோம். அவர் எழுந்து கேட்டார்: "ஐயா, மேகத்துக்குள்ள யாரும் போகலையே, அப்புறம் எப்படி அளந்தாங்க?" நம்மிடம் விடையில்லை. நாளிதழில் படித்ததை அப்படியே சொல்லியிருந்தோம். இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

உதகையில், கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது மியூவான் என்னும் துகள்கள் பிறந்து தரைக்கு மழைபோல் வந்து சேர்கின்றன. அவற்றை எண்ணுவதற்கு 560 சதுரமீட்டர் பரப்பில் இரும்புக் குழாய்களால் ஆன உணர்கருவிகள் அடுக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள் எண்ணப்படுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது, 18 நிமிடங்களுக்கு இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. கருவி கண்டது இவ்வளவே. வோல்ட் என்று எதையும் அது காணவில்லை.

மியூவான்களில் நேர்மின் கொண்டவை உண்டு, எதிர்மின் கொண்டவை உண்டு. முன்னவை சற்று மிகுதி. மேகத்தின் மின்புலம் ஒருசாரைத் தள்ளிவிடும், மறுசாரைத் தடுக்கும். இரண்டின் எண்ணிக்கையும் சமமில்லாததால் மிச்சமாக ஒரு குறைவோ கூடுதலோ தோன்றும். ஆனால் 2 விழுக்காடு குறைந்தால் எத்தனை வோல்ட்? இதற்குத் தாளில் எழுதி முடிக்கத்தக்க வாய்பாடு கிடையாது. எனவே கணினிக்குள் ஒரு வானத்தை அமைத்தார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான கோர்சிகா என்னும் நிரல் அதற்குப் பயன்பட்டது. ஒவ்வொரு துகளும் எங்கே மோதும், எப்போது சிதையும் என்பதைப் பகடை உருட்டுவது போன்ற தற்செயல் எண்களால் அது முடிவு செய்கிறது. அந்தப் பொய்வானத்தில் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி வைத்து, மெய்யான வானம் காட்டிய குறைவு எப்போது கிடைக்கிறது என்று பார்த்தார்கள். விடை 130 கோடி வோல்ட். பலூன்களை அனுப்பி அதற்கு முன் அளந்த உச்சத்தைப் போல் இது பத்து மடங்கு. மேகங்களில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கக்கூடும் என்று வில்சன் 1929-இலேயே சொல்லியிருந்தார். உதகை முடிவு 2019-இல் வெளியாயிற்று.

இந்தச் செயலைத் தமிழில் என்னவென்று சொல்வது? கலைச்சொல் பட்டியல்களில் 'உருவகப்படுத்தல்' என்று காண்கிறோம். இதில் நமக்கு உடன்பாடில்லை. உருவகம் என்றால் இதுவே அது என்பதாகும். முகமே மதி என்று சொல்லி 'போல'வை விழுங்கிவிடுவது. கணினிக்குள் வானத்தைக் கட்டியவர் அந்தப் 'போல'வை ஒருகணமும் விழுங்குவதில்லை. எவ்வளவு தூரம் போல, எந்த இடத்தில் போலில்லை என்று அளப்பதே அவருடைய வேலை. இது உவமை, அதிலும் பிழையின் அளவு குறிக்கப்பட்ட உவமை. அணியிலக்கணம் படித்த எவருக்கும் எளிதில் விளங்கக்கூடிய இந்த வேறுபாட்டைக் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் நம்மைப் போன்ற தமிழாசிரியர்களிடம் கேட்கவில்லை. நாமும் போய்ச் சொல்லவில்லை.

நம் குறை இங்கேதான். தமிழில் அறிவியல் எழுத்து இல்லாமலில்லை. கருந்துளை, கடவுள் துகள், பெருவெடிப்பு என வியப்புக்குக் குறைவேயில்லை. ஆனால் அவை யாவும் முடிவுகளின் கதைகள். ஹிக்ஸ் துகளை 2012 ஜூலையில் அறிவித்தார்கள் என்று எழுதுவோர், அந்தத் துகளே இல்லாவிடில் கருவியில் என்னென்ன தெரியும் என்பதை முன்கூட்டியே கணித்து வைத்திருந்ததால்தான் மிகுதியாகத் தெரிந்ததை அடையாளம் காண முடிந்தது என்பதை எழுதுவதில்லை. கணக்கு நீக்கப்பட்ட அறிவியல், வாசகனுக்குப் புராணமாகவே வந்து சேர்கிறது. நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம்; கேள்வி கேட்க இடமில்லை.

நம் துறை நண்பர் ஒருவர் மறுத்தார்: "கணினிக்குள் ஒரு வானத்தைப் புனைந்துவிட்டு அதையே சான்று என்றால், அது நாவலாசிரியர் தம் நாவலை ஆதாரமாகக் காட்டுவது போலல்லவா?" நேர்மையான கேள்வி. இதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், வெண்குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முற்பட்டபோது, அந்தச் சமன்பாட்டுக்கு எளிய தீர்வு இல்லாதிருந்தது. ஒரே வழி, விண்மீனின் நடுவிலிருந்து மேற்பரப்பு வரை அடி அடியாக எண்களால் நடந்து செல்வது. கைப்பிடி சுற்றி இயக்கும் கணக்குப்பொறி ஒன்றை எடிங்டன்தான் அவருக்குப் பெற்றுத் தந்தார். வேலை எவ்வளவில் இருக்கிறது என்று அடிக்கடி வந்தும் பார்த்தார். பத்து மாதிரி விண்மீன்களுக்கு அந்த இளைஞர் கணக்கிட்டு முடித்தார். 1935 ஜனவரி 11 அன்று அரச வானியல் கழகத்தில் அவர் பேசி அமர்ந்ததும், அதே எடிங்டன் எழுந்து அம்முடிவை எள்ளி நகையாடினார்.

எண்களில் பிழை என்று எடிங்டன் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. விண்மீன் அப்படி நடந்துகொள்வதை இயற்கை அனுமதியாது என்பதே அவர் வாதம். கணக்குச் சரி, கணக்கின் அடிப்படை தவறு என்றார். தவறு அவருடையது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. நண்பருக்கு நாம் சொன்னது இதுதான்: கணக்கு ஒருவர் நினைத்தபடி வளைவதில்லை. நாவலில் கதைமாந்தர் ஆசிரியரின் விருப்பத்தை மீறுவதாக எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்வதுண்டு, பெரும்பாலும் நம்பத்தக்கதன்று. சமன்பாடு மெய்யாகவே மீறும்.

எனினும் நண்பரின் ஐயம் முற்றும் தீர்ந்துவிடவில்லை. அதற்குக் காரணம் நம் மரபிலேயே இருக்கிறது. 1825-இல் ஜான் வாரன் என்னும் அதிகாரி, சென்னை வான்நோக்ககத்தில் முன்னர்ப் பணியாற்றியவர், புதுவையில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஒரு வரிகூட எழுதாமல், மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த வாய்பாடுகள் எண்களாக இல்லை, அசைகளாக இருந்தன. எழுத்துக்கு எண் என்னும் முறையில் சொற்றொடர்களாக்கப்பட்டவை. நிலவின் ஓட்டத்துக்கு 248 நாள்களுக்கு 248 வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதனால் வந்தது. கிரகணத் தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். நாய்கெபவர் என்னும் வரலாற்றறிஞர் 1952-இல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு இதை ஆராய்ந்தார். அந்த 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டு என்பது அவரை ஈர்த்தது.

இதை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். பெருமைக்குரியதுதான், ஆனால் நமக்கு இதில் அச்சமும் உண்டு. சோழி நகர்த்திய அந்தப் பெரியவருக்குத் தம் விதிகள் ஏன் பலிக்கின்றன என்பது தேவைப்படவில்லை. விதியைப் பின்பற்றினார், விடை வந்தது. நம் காலத்தின் நிரல்களையும் அதேபோல் நகர்த்த முடியும். ஆயத்த மென்பொருளில் எண்களை இட்டு, வரும் வரைபடத்தைத் திட்ட அறிக்கையில் ஒட்டித் தரும் மாணவர்களை இயற்பியல் துறை நண்பர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அது சோழிதான், பெரியவரின் மனப்பாட ஆற்றல் மட்டும் அதில் இல்லை.

சென்னை தரமணியில், 1962-இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில், 2004-இல் 'கப்ரு' என்னும் கணினித் தொகுதியை அங்குள்ளோரே கட்டினார்கள். 144 கணினிகளைப் பின்னி, வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பகுத்து, குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைக் கணக்கிடுவதற்காக. உலகின் 500 விரைவான கணினிகளின் பட்டியலிலும் அவ்வாண்டு அது இடம்பெற்றது. இத்துறையின் பயன் சிறிதன்று: புரோட்டானின் நிறையில் மிகப் பெரும்பகுதி அதன் குவார்க்குகளின் நிறையன்று, அவற்றின் கட்டுண்ட ஆற்றல் என்பது, 2008-இல் ஓர் ஐரோப்பியக் குழு அந்நிறையைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் இத்தகைய கணக்கால் பெற்றது. தரமணியில் நடந்தது பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை நம் கண்ணில் படவில்லை. அதே ஆண்டுகளில் நம் சிற்றிதழ்கள் மாய யதார்த்தம் பற்றி எத்தனை பக்கம் அச்சிட்டன என்பது வாசகர் அறிந்ததே. நாமும் அவற்றில் எழுதியவர்தாம்.

ஆகவே மாணவருக்கு விடை சொல்ல நாம் செய்தது மிக எளியது. வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம், அதனுள் சுவர்களைத் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம். வீட்டிலிருந்து கொண்டுபோன துவரம்பருப்பு 400, எண்ணி எடுத்தது. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தூவினார்கள்; சதுரத்துக்கு வெளியே விழுந்தவற்றைத் திரும்ப எடுத்துத் தூவினார்கள். வட்டத்தினுள் கிடந்தவை 311. நான்கால் பெருக்கி 400-ஆல் வகுத்தால் 3.11. பை என்னும் எண், பகடைக்கு நிகரான ஒரு விளையாட்டிலிருந்து வந்துவிட்டது. 1946-இல் உலாம் என்னும் கணித அறிஞர் நோய்ப்படுக்கையில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது எண்ணத் தொடங்கியதும், பின்னர்ச் சூதாட்ட நகரத்தின் பெயரால் மாண்டே கார்லோ முறை என்றானதும், உதகை மேகத்தை அளந்ததும் இதே விளையாட்டுத்தான் என்று சொன்னோம்.

"இன்னும் துல்லியமா வரணும்னா, ஐயா?"

பிழை பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டுமானால் பருப்பு நூறு மடங்காக வேண்டும் என்றோம். அவர் கணக்குப் போட்டார். "நாப்பதாயிரம். அதை எண்ணுறதுக்குள்ள நமக்குச் செமஸ்டர் முடிஞ்சிடும்." வகுப்பு சிரித்தது. கணினி எதற்கு என்பதை அன்று நாம் தனியே விளக்க நேரவில்லை.

அந்தப் பருவத்தின் கட்டுரைத் தாளில் அவர் இதைத் தலைப்பாக எடுத்து மூன்று பக்கம் எழுதியிருந்தார். சந்திப்பிழைகள் மலிந்த எழுத்து. ஒற்று எங்கே மிகும் என்பதை அவர் பட்டறைத் தூக்கத்தில் விட்டுவிட்டார் போலும். மாண்டே கார்லோ என்ற பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. 'போட்டுப் பார்த்தல்' என்றே தொடக்கம் முதல் இறுதிவரை எழுதியிருந்தார். பட்டறையில் புது அளவுக்கு முதல் துண்டைக் கடைந்து பார்ப்பதற்கு அவர்கள் வழங்கும் சொல் அது என்று பின்னர் விசாரித்து அறிந்தோம். இயற்பியல் நண்பர் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத சொல் என்றார். ஒற்றுப்பிழைகளுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடிட்டுவிட்டு, அந்தச் சொல்லை இருந்தபடியே விட்டோம்.