நுரைக்கு யார் பில் போடுவது?

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையைப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் பொங்கிக்கொண்டு வரும். பனிமலை என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் போய்விடாதீர்கள் சார். பெங்களூரு துவைத்த துணி, கழுவிய பாத்திரம், கக்கூஸ் எல்லாம் அதில் இருக்கிறது.

நந்தி மலையில் பிறக்கும்போது தென்பெண்ணை நல்ல ஆறுதான். வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு வந்து சேர்கிறது. 2015-லும் 2017-லும் தீப்பிடித்ததே, அதே பெல்லந்தூர்தான். (தண்ணீரில் தீ வைக்கும் வித்தை ஐ.டி. தலைநகருக்கே கைவந்தது!) கெலவரப்பள்ளி வாய்க்கால்களில் சுமார் 8,000 ஏக்கருக்குப் பாய்வது இந்தத் தண்ணீர். அதில் விளைந்த தக்காளி உங்கள் வீட்டு ரசத்துக்கும் வந்திருக்கலாம்.

இப்போ நம்ம பொருளாதாரக் கணக்கைப் பாருங்கள். ஆறு சுத்தமாக ஓடினால் அதற்கு மதிப்பு பூஜ்யம். ஆறு கெட்டு, கேன் தண்ணி விற்று, ஆர்.ஓ. மெஷின் விற்று, டாக்டர் ஃபீஸ் வாங்கினால் அத்தனையும் ஜி.டி.பி.யில் ஏறும். ஆற்றைக் கொன்றால் வளர்ச்சி! இப்படிக் கணக்கு எழுதுகிற ஆளிடம் உங்கள் மளிகைக் கடையை ஒப்படைப்பீர்களா?

ஓசூருக்குக் குடிக்கக் காவிரி வருகிறது. ஒகேனக்கல்லில் எடுத்து, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு பம்ப் அடித்து ஏற்றுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. செலவு, ஜப்பான் கடனோடு சேர்த்து, 1,928 கோடி ரூபாய். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் அந்தத் திட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், ஊரை ஒட்டியே ஓர் ஆறு ஓடுதே, அதை ஏன் வாயில் வைக்க முடியலை? பம்ப்புக்கான கரன்ட் பில்லில் அந்த நுரையின் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டோமா?

நியூயார்க்காரர்கள் கேட்டார்கள். குடிநீரை வடிகட்ட ஆலை கட்டினால் சுமார் 600 கோடி டாலர் ஆகும் என்றது மதிப்பீடு. 1997-ல் ஒப்பந்தம் போட்டு, அதைவிட ரொம்பக் குறைந்த செலவில், தண்ணீர் உற்பத்தியாகும் கேட்ஸ்கில் மலைக் காடுகளையும் பண்ணைகளையும் பாதுகாத்தார்கள். புண்ணியத்துக்காக இல்லை, லாபத்துக்காக!

"அப்போ ஃபேக்டரி வேணாமா?" என்பீர்கள். வேணும் சார். சிப்காட் இல்லாமல் இன்றைய ஓசூர் இல்லை. ஆனால் இரும்புக்கும் கரன்ட்டுக்கும் காசு கொடுக்கிறோம், ஆற்றைக் குப்பைத்தொட்டி ஆக்குவது மட்டும் ஏன் ஓசி?

பெங்களூருவைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. ஓசூர் 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. அதன் சாக்கடையும் எங்கேயோ போய்த்தானே ஆகணும்? ஆற்றின் கீழே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. அங்கே இருப்பவர் இதே பில்லை நம்மிடம் நீட்டினால்?