பன்னிரண்டு வயது

ஏழாந்தர மாணவருக்கென உருவாக்கப்பட்ட 'ஹத்தே அபே பொத்த' என்னும் பாலியல் கல்வி நூல், பௌத்த பிக்குகளின் எதிர்ப்பினால் 2020இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றார்கள்.

நல்லது. இதே நாட்டில் 1951இல் இயற்றிய முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் புரட்டுங்கள். பன்னிரண்டு நிரம்பாத சிறுமியின் திருமணத்தைப் பதிவதற்கே காதியின் அனுமதியை அது கேட்டது. நிரம்பியவளுக்கு அதுவும் இல்லை. மணமகளின் கையொப்பத்தையும் கேட்கவில்லை. தன் உடலை அறிய வயது போதாதாம், மனைவியாகப் போதுமாம்! முஸ்லிம் பெண்களே திருத்தம் கோரினர். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, 2018இல்தான் அறிக்கை தந்தது; அதுவும் இரண்டாகப் பிளந்த அறிக்கை. (2009இல் பிறந்த பெண்குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.)

வாய் திறந்தால் என்ன நேரும் என்பதை மட்டக்களப்பு வாவிக்கரை அறியும். பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அப்பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று ஏறாவூர்க் கவிஞர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பிபிசி தமிழோசையில் கூறினார். மறுப்புக் கட்டுரையா வந்தது? மிரட்டல் வந்தது, ஊரைவிட்டே வெளியேறினார். 2015இல் அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ச்செய்தியும் பரப்பினார்கள்.

ஏழாந்தரச் சிறுமி தன் ஐயத்தை யாரிடம் கேட்பாள்? பிக்குவிடமா, மௌலவியிடமா? சொல்லுங்கள் ஐயா.