புதுக்கோட்டையின் வீதிகளே ஒரு திவானுக்குச் சின்னம்

வீதியை எண்ணினால் வீடு கிடைக்கும் ஊர்!

புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினேன். தெற்கு 4-ம் வீதியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். எதிரே வந்த முதியவர் ஒருவரிடம் வழி கேட்டேன்.

"தெற்கு ராஜ வீதிக்குப் போங்க, தம்பி. அதை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு வீதியை எண்ணிக்கிட்டே நடங்க. நாலாவது வீதி வந்ததும் நின்னுடுங்க. வேறே யாரையும் கேட்க வேண்டாம்" என்றார்.

அப்படியே நடந்தேன். வீடு கிடைத்தது!

பல ஊர்களில் வீடு தேடி அலைவது எப்படி என்று வாசகர்களுக்குத் தெரியும். "புளியமரத்துக்குப் பக்கத்துச் சந்து, அதற்குள் ஒரு முடுக்கு" என்பார்கள். புதுக்கோட்டையின் நடுப்பகுதியில் அந்தத் தொல்லை இல்லை. பழைய அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே 2-ம் வீதி, 3-ம் வீதி, 4-ம் வீதி என்று வரிசையாகப் போகின்றன. வீதிகள் நேராக ஓடுகின்றன. ஒன்றையொன்று சதுரமாக வெட்டுகின்றன.

இது தானாக வந்த அழகு அல்ல. யோசித்துச் செய்த வேலை.

கோணல் சந்துகள்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானத்தின் தலைநகரம். 200 ஆண்டுகளுக்கு முன்பு இது நெருக்கமான ஊராக இருந்தது. குறுகலான சந்துகள். கோணல் மாணலான வழிகள். கூரை வீடுகள். ஒரு வீட்டில் தீப்பொறி பறந்தால் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

விஜய ரகுநாதத் தொண்டைமான் 1807-ல் பட்டத்துக்கு வந்தார். அப்போது அவர் சிறுவர். தஞ்சாவூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் அவருக்குத் துணையாக இருந்தார். அவருடைய யோசனையின் பேரில் பழைய ஊர் இடிக்கப்பட்டது. நேரான வீதிகள் போடப்பட்டன. கூரைக்குப் பதில் ஓட்டு வீடுகள் எழுந்தன.

அது முதல் கட்டம். இன்று நாம் காணும் நகரத்துக்கு உருவம் கொடுத்தவர் இன்னொருவர். அவர்தான் திவான் சேஷையா சாஸ்திரி.

யார் இந்த சாஸ்திரி?

தஞ்சை ஜில்லாவில் அமராவதி என்ற சிறு கிராமத்தில், 1828-ல், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் பவல் துரையிடம் படித்தார். பின்னால் பெயர் பெற்ற திவான் மாதவராவும் அதே பவல் துரையின் மாணவரே. சாஸ்திரி சர்க்கார் உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்தார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தார்.

1878-ல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தார். அது எப்படிப்பட்ட சமயம்? தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சமஸ்தானத்தின் நிர்வாகம் சீர்கெட்டிருந்தது. கஜானாவுக்குக் கடன் பாரம்.

1886-ல் ராமச்சந்திரத் தொண்டைமான் காலமானார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவர். ஆகவே, திவானே ராஜப் பிரதிநிதியாகவும் இருந்து 1894 வரை ஆட்சியை நடத்தினார்.

முதலில் கணக்கு, பிறகு கட்டடம்

சாஸ்திரி வந்தவுடன் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. முதலில் வரிக் கணக்கைப் புரட்டினார்.

அந்நாளில் "அமானி" என்ற முறை இருந்தது. விளைந்த நெல்லைக் குடியானவனும் சர்க்காரும் பங்கு போட்டுக்கொள்ளும் முறை அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். நடைமுறை வேறு. அதிகாரி வந்து பார்த்து அளக்கும் வரையில் களத்து நெல்லில் கை வைக்க முடியாது. அவர் வரத் தாமதமானால் மழையில் நனையும், எலி தின்னும், திருட்டும் போகும். அளக்கும் இடத்தில் லஞ்சமும் நுழையும். நஷ்டம் குடியானவனுக்கு, சர்க்காருக்கும் நஷ்டம்.

சாஸ்திரி இந்த முறையை ஒழித்தார். நிலத்துக்கு இவ்வளவு என்று ரொக்கத் தீர்வை விதித்தார். 1888-ல் இனாம் நிலங்களையும் ஒழுங்குபடுத்தினார். வரவு நிலைப்பட்டது. அதன் பிறகே ஊர் வேலைக்குப் பணம் வந்தது.

புது வீதிகள் போடப்பட்டன. பழைய வீதிகள் அகலமாயின. ஆஸ்பத்திரி, கல்லூரி, சிறைச்சாலை, பொது அலுவலகக் கட்டடம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன.

தண்ணீர்தான் உயிர்

எல்லாவற்றிலும் பெரிய காரியம் குளங்கள். புதுக்கோட்டைப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. தெற்கே ஓடும் வெள்ளாறும் மழையை நம்பிய ஆறு. பெய்யும் மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. ஆகவே, சாந்தநாத சுவாமி கோவிலுக்கு அருகில் உள்ள பல்லவன் குளமும், குடிநீருக்கான புதுக்குளமும் தூர் எடுக்கப்பட்டன. அவற்றில் நல்ல தண்ணீர் தேக்கப்பட்டது.

வீதி, சாக்கடை, குளம் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. வீதி நேராக இருந்தால் சாக்கடை நேராக ஓடும். சாக்கடை ஒழுங்காக ஓடினால் குளம் கெடாது. குளம் கெடாவிட்டால் வாந்திபேதிக்கு வழி இல்லை. இதைப் புரிந்துகொண்டு செய்ததுதான் சாஸ்திரியின் திறமை.

ஆஸ்திரேலியாவில் ஒரு சிலை

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்ற நகரம் இருக்கிறது. அதை 1837-ல் அளந்து திட்டமிட்டவர் கர்னல் வில்லியம் லைட். நம்மவர்கள் கப்பலேறிப் போன பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை 1786-ல் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் மகன் இவர். அடிலெய்டில் ஒரு மேட்டின் மேல் இவருக்குச் சிலை இருக்கிறது. கையை நீட்டி, கீழே விரிந்து கிடக்கும் நகரத்தைச் சுட்டிக் காட்டுகிறது அந்தச் சிலை.

நகரத்தைச் சுற்றி அவர் விட்ட பூங்கா நிலத்தின் பெரும்பகுதி இன்றும் பசுமையாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைத்ததோ வசவுதான். வேலையைத் துறந்து, 1839-ல் நோயாளியாக இறந்தார். சிலை பிறகு வந்தது!

நம் நாட்டுக்கும் இந்தக் கலை புதிது அல்ல. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள் இல்லையா? திருவரங்கத்தில் இல்லையா?

இன்றைய கேள்வி

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு?

1901-ல் புதுக்கோட்டையில் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011-ல் 1 லட்சத்து 17 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். 1912-ல் ஏற்பட்ட நகராட்சி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆயிற்று. சுற்றுப்புறக் கிராமங்களும் நகரத்தோடு சேர்கின்றன.

பெயர்ப்பலகை மாறியது. ஊர் மாறுமா? அதுதான் கேள்வி.

பழைய ஊரில் வீதி முதலில் வந்தது. வீடு பிறகு வந்தது. இன்று எங்கும் முதலில் மனை விற்பனை, பிறகு வீடு, கடைசியில் "சாலை எங்கே, சாக்கடை எங்கே?" என்ற கூக்குரல். அப்போது இடம் இருக்காது. கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் சுவர் எழுந்துவிட்டால், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது என்று குளத்தை மறப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது.

ஒரு வித்தியாசம்

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ராஜா உத்தரவு போட்டார், வீடுகள் இடிந்தன. இடிந்த வீட்டின் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பாரீஸ் நகரை அகலமாக்கிய ஹாஸ்மானும் ஏராளமான ஏழைகளை வெளியே தள்ளினார்.

இன்று நடப்பது குடியாட்சி. சேர்க்கப்படும் கிராமத்தாருக்கு நியாயமான பயம் இருக்கிறது. நகரத்தோடு சேர்ந்தால் ஊரக வேலைத் திட்டம் கிடைக்காது. வீட்டு வரி கூடும். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் கோடு கிழிப்பது நியாயம் அல்ல. வரி கேட்கும் மாநகராட்சி, அதற்கு முன்பு தண்ணீரும் விளக்கும் சாக்கடையும் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல வேண்டும். திவானின் தொலைநோக்கு வேண்டும். அவர் காலத்து அதிகாரம் வேண்டாம்.

சேஷையா சாஸ்திரி 1894-ல் விடைபெற்றுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். 1903-ல் காலமானார். சமஸ்தானமும் 1948-ல் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ராஜாவும் இல்லை, திவானும் இல்லை. வீதிகள் இருக்கின்றன.

அடுத்த முறை புதுக்கோட்டைக்குப் போனால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ராஜ வீதியிலிருந்து நடந்து பாருங்கள். வீதிகளை எண்ணச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எண்ணிக்கை நின்று, கோணல் சந்து தொடங்குகிறதோ, அந்த இடத்தில் நில்லுங்கள்.

அங்கிருந்துதான் புது மாநகராட்சியின் வேலை தொடங்குகிறது!